ஆனந்தமேரி அமர்த்திய பைலட்

நாகல் நகரில் இருக்கும் ராயப்பராஜின் ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ பேச வருகிறவர்கள், ஆனந்தமேரியைச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண் என்றுதான் முதலில் நினைப்பார்கள். வாசலுக்கு முதுகைக் காட்டிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். திரும்பாமலே, "உக்காருங்க, இந்தா வந்துருவாரு" என்பாள். ராயப்பராஜ் வந்து, "தேதி இருக்கா இல்லையான்னு எங்க வீட்டம்மாவக் கேளுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிரித்த பிறகுதான் வந்தவர்கள் அவளுக்கும் ஒரு வணக்கம் வைப்பார்கள். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. பேச்சு அவன் பாடு, படம் தன் பாடு என்று பிரித்துக்கொண்டு எத்தனையோ வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே ஒரு சண்டையால்தான். செம்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் மகளாகப் பிறந்து, பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவளுக்கு அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் துடைக்க மட்டும்தான் தெரியும். எடிட்டிங் முழுக்க இஷாக் கையில் இருந்தது. பேகம்பூர்க்காரன். ராயப்பராஜிடம்தான் கேமரா பிடிக்கவே கற்றுக்கொண்டான். அவனை அண்ணே என்றும் இவளை மதினி என்றும் கூப்பிடுவான். மத்தியானம் அவள் வைக்கும் வெஞ்சனத்தைக் குறை சொல்லிக்கொண்டே மறுபடியும் சோறு வாங்குவான். ஒருநாள் சொந்தமாகக் கடை போடப் போகிறேன் என்று கிளம்பினான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ராயப்பராஜ் வழக்கமாகப் படம் எடுக்கும் ஒரு குடும்பத்தின் கல்யாணத்தைக் கையோடு பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

"இனிமே அவன் பேரு இந்தக் கடையில கேக்கக் கூடாது" என்றான் ராயப்பராஜ்.

அது முகூர்த்த மாதம். எடிட் பண்ண ஆளில்லை. இஷாக் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துத் தெரிந்ததை வைத்து ஆனந்தமேரி உட்கார்ந்தாள். முதல் கல்யாணத்தில் தாலி கட்டும் இடத்தையே வெட்டிவிட்டாள். பெண் வீட்டுக்காரர்கள் வந்து கத்தியபோது சமையலறைக்குள் போய் அழுதாள். அதற்குப் பிறகு வேலைக்காக அழுததில்லை.

ட்ரோன் பறக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று ஜனங்கள் முடிவு கட்டியதும் ராயப்பராஜும் ஒன்று வாங்கினான். சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, பைலட் சான்றிதழும் வாங்கி வந்தான். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, "என்ன பைலட் சார்" என்று தெரிந்தவர்கள் கேட்டால் அவனுக்கு முகம் மலர்ந்துவிடும். உண்மையிலேயே நன்றாக ஓட்டினான். மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கும்போது மேலிருந்து மெல்ல இறங்கி, மாலைக்கு மேலே வந்து நிற்கும் அவன் ட்ரோன். அந்த இடத்தை எடிட் பண்ணும்போது ஆனந்தமேரி வெட்டவே மாட்டாள்.

போன வருஷம், ஒரு கிராமத்துக் கோயிலில் நடந்த கல்யாணத்தை எடிட் பண்ணிக்கொண்டிருந்தாள். ட்ரோன் கோபுரத்தைச் சுற்றி வந்தது. கோபுரத்தின் ஓரம் துடித்தது. காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அடுத்த கல்யாணத்திலும் துடித்தது. மிஷினில் கோளாறு என்று சர்வீஸுக்கு அனுப்பினார்கள். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது.

பிறகு ஒருநாள் அவளுக்குப் பிடிபட்டது. பேட்டரி குறைந்தால் ட்ரோன் யாரும் ஓட்டாமல் தானாகவே கிளம்பின இடத்துக்குத் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த துண்டுப் படம் எண்ணெய் வழிவது போல வந்திருந்தது. அதற்கு முந்தின துண்டு, ராயப்பராஜின் கட்டைவிரல்கள் ரிமோட்டில் இருந்தபோது எடுத்தது, துடித்துக்கொண்டே இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாள்.

அதற்கு மேல் மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டது. கொஞ்ச காலமாக அவன் டீயை அரை டம்ளர்தான் கேட்கிறான். சட்டை போடுவதை விட்டு, தலைவழியாக மாட்டும் பனியனுக்கு மாறியிருக்கிறான். பித்தான் போடுவது சிரமம் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் அவன் முகம் எப்படி ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

துடிக்கும் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு நிறுத்த முடியும். ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிக்கொடுத்தால் நடுவில் இருப்பது ஆடாமல் நிற்கும். அப்படித்தான் ஒவ்வொரு கல்யாணத்தையும் செய்து கொடுத்தாள். யாருக்கும் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் பிராங்க்ளின் வந்தான். சென்னையில் ஒரு படக் கம்பெனிக்கு வெளியூர்ப் படப்பிடிப்பு ஏற்பாடு செய்கிறவன். செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரையில் எடுக்கப் போகிறார்கள், உள்ளூரிலேயே நல்ல ட்ரோன் குழு வேண்டும் என்றான். சான்றிதழ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா, ட்ரோனை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கத் தனி ஆள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பிறகு பழைய வேலைகளைக் காட்டச் சொன்னான். ஆனந்தமேரிதான் போட்டுக் காட்டினாள்.

"செம ஸ்மூத்தா இருக்கு சார்" என்றான் பிராங்க்ளின். "இந்தக் கைதான் எங்களுக்கு வேணும்."

ராயப்பராஜ் சந்தோஷமாகத் தலையாட்டினான். அவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிராங்க்ளின் பாராட்டிய கையை அவளல்லவா கம்ப்யூட்டரில் செய்து வைத்திருந்தாள்?

எடுக்க வேண்டிய காட்சி இதுதான். கதாநாயகி கண்மாய்க் கரைமேல் ஸ்கூட்டரில் போகிறாள். ட்ரோன் அவள் தோள் உயரத்தில் பின்னாலேயே போய், தலைக்கு மேலாக அவளைக் கடந்து, கரையோரம் நாற்று நடும் பெண்களை ஒட்டிப் போய், இரண்டு பனைமரங்களுக்கு நடுவே நுழைந்து மேலே ஏற வேண்டும். ஏறும்போது வயல்வெளியும் தூரத்தில் சிறுமலையும் விரிய வேண்டும். நடுவில் வெட்டே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் அதே கரைக்குப் போய் ஒத்திகை பார்த்தார்கள். கதாநாயகிக்குப் பதில் ஆனந்தமேரி ஸ்கூட்டரில் போனாள். முதல் தடவை ட்ரோன் தலைக்கு மேல் போனபோது காற்று பிடரியில் அடித்தது. இரண்டாம் தடவை சத்தம் நெருங்கி வந்து, விலகி, மறுபடி நெருங்கியது. கண்ணாடியில் பார்த்தாள். ட்ரோன் நேராக வராமல் பாம்பு போல நெளிந்து வந்தது. சட்டென்று பிரேக் பிடித்துக் குனிந்தாள். ட்ரோன் அவளைத் தாண்டிப் போய்ப் பனைமட்டையில் மோதிக் கரைச் சரிவில் விழுந்தது.

ராயப்பராஜ் ஓடி வந்தான். "ஒண்ணும் ஆகலையே? காத்து மேரி. திடீர்னு தள்ளிருச்சு."

பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை.

"காத்து இல்லைங்க" என்றாள். "உங்க கைதான்."

"என்ன கை?"

"நடுங்குது. ரொம்ப நாளா நடுங்குது. நான் எடிட்ல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் கைகளை ரிமோட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "பாத்துக்கிட்டு இருந்தவ ஏன் சொல்லல?"

"தப்புத்தான்" என்றாள். "டாக்டர்கிட்ட போவோம்."

"ஷூட்டிங் முடியட்டும். களைப்புல கொஞ்சம் ஆடுது, அம்புட்டுத்தான். அன்னைக்கு நிக்கும். என் கை எனக்குத் தெரியாதா?"

"படம் ஆடுனா நான் கம்ப்யூட்டர்ல நிறுத்திருவேன். அந்தப் பிள்ள தலையில எறங்குனா எதுல போட்டு நிறுத்துறது?"

அவன் ட்ரோனின் உடைந்த இறக்கைகளைப் பொறுக்கினான்.

மறுநாள் காலையில் ஆனந்தமேரி ஆட்டோ பிடித்துப் பேகம்பூருக்குப் போனாள். இஷாக்கின் கடை அவர்களுடையதைவிடப் பெரியது, ஏசி போட்டது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றவன், உட்கார மறந்துபோனான்.

"மதினி! வாங்க வாங்க. டீ சொல்லட்டா?"

"டீ இருக்கட்டும். ஒரு சினிமா வேலை வந்திருக்கு. நீங்க பைலட்டா வரணும்."

"அண்ணன் கேக்கச் சொன்னாரா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

"அப்ப நான் வந்தா என்னய வெட்டிப் போட்டுருவாரு."

"வெட்ட மாட்டாரு. பேச மாட்டாரு. அதான் உங்களுக்குப் பழகிருச்சே."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கோபுரம் துடித்ததிலிருந்து பனைமட்டை வரை அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எம்புட்டுத் தெளிவான கை மதினி அது" என்றான் கடைசியில். "ஸ்டாண்டு இல்லாம நாதஸ்வரக்காரர் மூச்சு விடுறதயே ஆடாம எடுப்பாரு." கொஞ்சம் யோசித்தான். "சரி, வாரேன். ஆனா ஒண்ணு. வேலை உங்க கடைது. பேரும் உங்க கடை பேருதான் போகணும். நான் உங்க கடைக்குக் கூலிக்கு வர்ற பைலட்டு. அண்ணன்கிட்ட அப்படியே சொல்லுங்க. இன்னொரு கல்யாணத்தப் பிடுங்குன மாதிரி ஆயிரக் கூடாது."

அங்கிருந்தே பிராங்க்ளினுக்குப் போன் போட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது. "மேடம், பைலட் பேரச் சொல்லித்தான் அனுமதியெல்லாம் போட்டு வச்சிருக்கேன். கடைசி நேரத்துல ஏன் மாத்துறீங்க?"

"அவருக்குக் கை சரியில்ல சார். அது தெரிஞ்சுக்கிட்டு உங்க ஆளுங்க தலைக்கு மேல ஓட்டவிட எனக்கு மனசு வரல. உங்களுக்குக் காட்டுன படத்தையும் நான்தான் கம்ப்யூட்டர்ல சரி பண்ணுனேன். வேணாம்னா இப்பவே சொல்லிருங்க."

"புது ஆளோட சான்றிதழ், இன்சூரன்ஸ், சரி பண்ணாத படம், மூணையும் இன்னைக்கே அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான். மத்தியானத்துக்குள் சரி என்று தகவல் வந்தது.

சாப்பாடு போட்டுவிட்டுப் பக்குவமாகச் சொல்லலாம் என்று ஆனந்தமேரி நினைத்திருந்தாள். அதற்குள் கம்பெனியிலிருந்து யாரோ ராயப்பராஜுக்கே போன் பண்ணிவிட்டார்கள். அவள் கடைக்குள் நுழைந்தபோது அவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"பைலட் பேரு மாறியாச்சாமே."

"ஆமாங்க."

"ஊரு பூராம் ஆளில்லாமயா அவன்கிட்ட போன?"

"ஊருல நல்லா ஓட்டுறது அவருதான். நீங்க பழக்குன ஆளு. உங்க வேலைய வேற யாரு கையில குடுக்க?"

"என் வேலைய நீ யாருகிட்டக் கேட்டுக் குடுத்த?"

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். மெதுவாகக் கேட்டான். பைக் சாவியை எடுத்துக்கொண்டு, செம்பட்டியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். கோயம்புத்தூரில் படிக்கும் மகன் ரோஹித் அன்று போன் பண்ணியபோது, "அப்பா அத்தை வீட்டுக்குப் போயிருக்காருப்பா" என்பதோடு முடித்துக்கொண்டாள். புருஷன்மேல் ஆத்திரம் வந்தது. முதலிலேயே வாயைத் திறக்காத தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது. ஆனாலும் ட்ரோனுக்குப் புது இறக்கைகள் மாட்டி, பேட்டரிகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சார்ஜ் போட்டாள். ஒத்துக்கொண்ட வேலை.

படப்பிடிப்பு அன்று கண்மாய்க் கரை திருவிழாப் போல இருந்தது. ஜெனரேட்டர் வண்டி, குடைகள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். நாற்று நட நிஜமாகவே அந்த ஊர்ப் பெண்களைத்தான் கூட்டி வந்திருந்தார்கள். இஷாக் ரிமோட்டோடு நின்றான். ட்ரோனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை ஆனந்தமேரிக்கு. இத்தனை வருஷமாகத் திரைக்குள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது புதிது.

முதல் தடவை ட்ரோன் கதாநாயகியின் தலைக்கு மேலே கடந்து பெண்களை நெருங்கியபோது, வலது பக்கம் உயரத்தில் ஒரு பருந்து வட்டத்தை விட்டு இறங்குவது தெரிந்தது.

"பருந்து! சோத்தாங்கைப் பக்கம், மேல!"

இஷாக் திரும்பிப் பார்க்கவில்லை. ட்ரோனைப் பெண்களிடமிருந்து விலக்கி நேர் மேலே ஏற்றினான். பாய்ந்து வந்த பருந்து, ட்ரோன் இருந்த இடத்தின் வழியாகப் போய், சிறகை அடித்து ஏறப் பார்த்து, முடியாமல் விலகியது. நாற்று நட்டவர்களில் ஒருத்தி, "ஆத்தே, கோழிக்குஞ்சுன்னு நெனச்சிருச்சு போல" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

வெளிச்சம் மாறுகிறது என்று பிராங்க்ளின் அவசரப்படுத்தினான். பருந்து கண்ணைவிட்டு மறைகிறவரை ஏற்ற மாட்டேன் என்றான் இஷாக். காத்திருந்தார்கள். அடுத்து எடுத்ததில் ஸ்கூட்டர் பிந்தியது. அதற்கடுத்தது அமைந்தது. கரையிலிருந்து தொடங்கி, தலைகளைக் கடந்து, பனைகளுக்கு நடுவே நுழைந்து சிறுமலை வரை விரிந்தது படம். டைரக்டர் கைதட்டினார். ராயப்பராஜ் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆனந்தமேரிக்குத் தோன்றியது. பார்த்தால் வலிக்கும் என்றும் தோன்றியது.

மத்தியானத்துக்கு இன்னும் சில காட்சிகள் மிச்சம் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் இஷாக் இலையில் கை வைக்கவில்லை. "அண்ணன் அவங்க அக்கா வீட்டுலதான இருக்காரு? இந்தா வந்துர்றேன் மதினி" என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

திரும்பி வந்தபோது அவன் பைக்குக்குப் பின்னால் இன்னொரு பைக் வந்தது. ராயப்பராஜ் இறங்கினான். அங்கே என்ன பேசினார்கள் என்று ஆனந்தமேரி பிற்பாடு இருவரிடமும் கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, சோறு திங்கச் சொன்னாங்க, தின்னோம்" என்றான் இஷாக். ராயப்பராஜ் அதுகூடச் சொல்லவில்லை.

அன்று ராயப்பராஜ் அவள் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் நேராகக் கூட்டத்திடம் போனான். கரைமேல் ஏறி நின்றவர்களைப் பேர் சொல்லி, மாமா மச்சான் முறை சொல்லிக் கீழே இறக்கினான். காலையில் ஒலிபெருக்கி வைத்துக் கத்தியும் நகராதவர்கள், அவன் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். பிறகு வந்து இஷாக்கின் பக்கத்தில் நின்று, அண்ணாந்து பார்த்து, "இடதுல கம்பி இருக்குடா, பாத்து" என்றான். "பாத்துட்டேண்ணே" என்றான் இஷாக்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போதுதான் அவளிடம் முதல் வார்த்தை பேசினான். "மதுரைக்குக் காலையில எந்த பஸ்ல போலாம்?"

மதுரையில் டாக்டர் அவன் கையை நீட்டச் சொன்னார், கோடு போடச் சொன்னார், நடக்கச் சொன்னார். அவர்கள் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த பெரிய வியாதி இல்லை என்றார். சிலருக்கு இப்படி வரும், மாத்திரையில் குறையும், முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது ராயப்பராஜ், "நீ சொல்லாம வச்சிருந்ததுதான் மேரி எனக்குத் தாங்கல. அவன்கிட்ட போனதுகூட இல்ல" என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுரோட்டில் அப்படிப் பிடித்தது அவர்களுக்கு வழக்கமில்லை.

மாத்திரையில் நடுக்கம் பாதி குறைந்தது. சட்டை போட ஆரம்பித்தான். ஆனால் ஆட்கள் இருக்கும் இடத்தில் இனி ஓட்டுவதில்லை என்று அவனே முடிவெடுத்தான். எந்நேரமும் இஷாக்கைக் கூப்பிட முடியாது. அவனுக்கும் கடை இருக்கிறது. "நீ போய்ப் படி. எந்தப் படம் நல்ல படம்னு என்னயவிட உனக்குத்தான தெரியும்" என்று அவன் சொன்னபோது, அவள் விளையாட்டு என்று நினைத்தாள். இரண்டாம் முறையும் சொன்னான்.

சென்னைப் பயிற்சி வகுப்பில் மற்றவர்களெல்லாம் ரோஹித் வயசுப் பிள்ளைகள். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகச் சொன்னபோது அவள் மரத்தில் மோதினாள், தண்ணீரில் போட்டாள், கட்டடத்துக்குள் விட்டாள். நிஜ ட்ரோனைக் கையில் கொடுத்த அன்று, பனைமட்டையில் மோதிய சத்தம் காதிலேயே இருந்தது. பயம் போகவில்லை. பயத்தோடே ஓட்டிப் பழகினாள். பரீட்சையில் தேறிவிட்டாள் என்று தெரிந்ததும் ராயப்பராஜ் கோயில் வாசலில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டான்.

இப்போது அவர்கள் கடைக்குச் சினிமாவும் சீரியலும் அவ்வப்போது வருகின்றன. பெரிய வேலையென்றால் ஆனந்தமேரி ட்ரோனை ஓட்ட, இஷாக் இன்னொரு ரிமோட்டில் கேமராவை மட்டும் திருப்புவான். ராயப்பராஜ் வானத்தைப் பார்த்துக்கொள்வான், கூட்டத்தையும் பார்த்துக்கொள்வான். போன் பண்ணி, "பைலட் சார் இருக்காரா?" என்று கேட்பவர்களிடம், "பைலட்தான் பேசுறேன், சொல்லுங்க" என்பாள். சிலர் வைத்துவிடுவார்கள். பலர் வைப்பதில்லை.

சென்ற மாதம் ஆயக்குடியில் ஒரு சீரியலுக்காகக் கொய்யாத் தோப்பை எடுக்கப் போனார்கள். தோப்புக்காரி பேச்சாயி என்ற பெண். ட்ரோன் கிளம்பும்போதே சந்தேகமாகப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மிணி, காத்தடிச்சுக் காயையெல்லாம் உதுத்துப் போடாதுங்களா?"

"உதுக்காதுங்கம்மா. ஒசரத்துலதான் போகும்."

காட்சிகள் முடிந்து சீரியல்காரர்கள் சாமான் கட்டத் தொடங்கினார்கள். பேச்சாயி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "என்ற தோப்ப நானும் மேல இருந்து பாத்ததே இல்லீங்க. ஒருக்கா காட்டுறீங்களா?"

ஆனந்தமேரி ட்ரோனை மறுபடி ஏற்றி, திரையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். வரிசை வரிசையாக மரங்கள் நகர்ந்தன. பேச்சாயி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். திடீரென்று விரலை நீட்டினாள்.

"அந்தக் கோடி மூலையில என்னங்க, மரம் காஞ்சு கெடக்குது? தண்ணி போகலீங்களா அங்க?"

"கொஞ்சம் கிட்டப் போயிப் பாப்போமா?"

"போங்க, போங்க."

"பேட்டரி கொறையுது மேரி" என்றான் ராயப்பராஜ், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இந்தா, அந்த மூலைய மட்டும் காட்டிட்டு எறக்கிர்றேங்க" என்றாள் ஆனந்தமேரி.